ஒதுங்கும் இடத்தில் ஒரு போட்டோ

சனிக்கிழமை பிறந்தால் போதும், அந்த மலையூருக்கு முகமே மாறிவிடும். வாரம் முழுக்கக் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த கடைத்தெருவில் அன்றைக்குக் கால் வைக்க இடம் இருக்காது. கீழேயிருந்து வந்து இறங்கிய கூட்டம் ஸ்வெட்டரும் குல்லாயுமாக, டீயைக் குடித்தும் குடிக்காமலும், எதை எதைப் பார்க்கலாம் என்று பறக்கும். அவர்களைப் பூங்கா, காட்சிக் கோபுரம், பைன் மரக்காடு, மலையடிவாரத்து அருவி என்று ஒரே நாளில் சுற்றிக் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடுவதுதான் வேன் ஸ்டாண்டில் நிற்கும் வண்டிகளின் பிழைப்பு. வாரத்தில் இந்தச் சனி, ஞாயிறை விட்டால் மற்ற நாட்களில் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

அந்த ஸ்டாண்டில் செக்ரட்டரி என்று கேட்டால் சின்னக் குழந்தையும் கை காட்டும். வேன் ஓட்டுநர் சங்கத்துக்குச் செயலாளர் அவர். அப்பா அம்மா வைத்த பேர் லைசென்சில் மட்டும்தான் இருந்தது. அவருக்கும் செக்ரட்டரி என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கத் தோன்றும். அன்று காலை அவர் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சகலை போன் செய்தார். மனைவியின் தங்கை வீட்டுக்காரர். முதல் நாள் ராத்திரியிலிருந்து காய்ச்சல், எழுந்து நிற்கவே முடியவில்லை, கார் எடுக்க வழியில்லை என்றார்.

செக்ரட்டரிக்குத் தலையில் கல் விழுந்த மாதிரி இருந்தது. காரணம் உண்டு. அவர் மனைவிக்குப் போன வருஷத்திலிருந்து இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. புதன்கிழமையும் சனிக்கிழமையும் அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். மலை மேலே அந்த மெஷின் கிடையாது. புதன் அன்று இவர் கூட்டிப் போவார். சனிக்கிழமை பிழைப்பைக் கெடுத்துக்கொள்ள முடியாதே என்று அந்த நாளைச் சகலை தலையில் கட்டியிருந்தார். அந்த வாரம் புதன்கிழமை அரசு விடுமுறை. ஒரு பெரிய பார்ட்டி தானாக வந்து கதவைத் தட்டியது. "ஒரு தடவைதானே, சனிக்கிழமை சேர்த்துப் பார்த்துக்கலாம்" என்று மனைவியைச் சமாதானப்படுத்திவிட்டு இவர் வண்டியை எடுத்துவிட்டார். டயாலிசிஸ் என்ன, ஒரு நாள் விட்டுவிட்டு மறுநாள் சேர்த்துத் துவைக்கிற துணியா? அந்த அம்மாளின் கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே தூங்கினாள்.

இன்றைக்கும் விட்டால் என்ன ஆகும் என்று செக்ரட்டரிக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அருவிக்குப் போக ஒரு குடும்பம் ஏற்கெனவே பேசி முடித்தாகிவிட்டது. யோசித்து யோசித்து அவர் மூளையில் ஒரு வழி பிறந்தது. அருவிக்குப் போகிற வழியில்தானே ஆஸ்பத்திரி. மனைவியை வேனிலேயே முன் சீட்டில் உட்கார வைத்து, போகிற போக்கில் இறக்கி விட்டுவிட்டால் இதுவும் ஆயிற்று, அதுவும் ஆயிற்று. இவ்வளவு சுலபமான வழி இத்தனை நாளாகத் தோன்றவில்லையே என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

மனைவியை அழைத்து வந்து ஏற்றும்போது ஒன்றே ஒன்று சொன்னார். "பார்ட்டிகிட்ட ஆஸ்பத்திரி, நோயின்னு எதையும் பேசாதே. ஊர் சுத்த வந்தவங்க, மூஞ்சி சுளிப்பாங்க. கீழ ஒரு வேலையா வர்றேன்னு மட்டும் சொல்லு."

அவள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். புடவைத் தலைப்பை இழுத்து, ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன இடது கையை மூடிக்கொண்டாள்.

வந்த குடும்பம் நல்ல குடும்பம்தான். தலையில் தொப்பி வைத்த மனிதர், ஏதோ அலுவலகத்தில் அதிகாரி. அவர் மனைவி பள்ளிக்கூட டீச்சர். ப்ளஸ் டூ பரீட்சை முடித்த அவர்கள் பெண். டீச்சர் முன் சீட்டுக்காரியிடம் நன்றாகவே பேசினார். பேச்சுக்கு ஒவ்வொரு சொல்லாகத்தான் பதில் வந்தது. கூச்ச சுபாவம் போலிருக்கிறது என்று டீச்சர் விட்டுவிட்டார். மூச்சைப் பிடித்துவைத்துக்கொண்டிருப்பவளுக்குப் பேச எங்கே தெம்பு?

அந்த மலைப்பாதையைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். மேலே போகவும் கீழே வரவும் அது ஒன்றுதான் வழி. பல இடங்களில் ஒரு பஸ்ஸும் ஒரு வேனும் உரசாமல் விலக முடியாது. அதற்காகத்தான் அங்கங்கே பாறையை வெட்டிச் சாலையை ஓரத்தில் அகலப்படுத்தியிருந்தார்கள். எதிரே பெரிய வண்டி வந்தால் சின்ன வண்டி அதில் ஒதுங்கி வழி விட வேண்டும். அதிலே பெரிய ஒதுங்கும் இடம் ஒரு கொண்டை ஊசி வளைவில் இருந்தது. அங்கே நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணுக்குக் கீழே விரியும். பார்க்க அழகுதான், இல்லை என்று சொல்லவில்லை.

அந்த அழகை முதன்முதலில் காசாக்கியவர் நம் செக்ரட்டரி. சில வருஷங்களுக்கு முன் ஒரு பார்ட்டியை அங்கே இறக்கிப் படம் பிடிக்கவிட்டார். அவர்கள் சந்தோஷத்தில் கையில் கொஞ்சம் கூடுதலாகவே வைத்தார்கள். அடுத்த வாரம் நாலு வேன் நின்றது. அப்புறம் ஒரு டீ வண்டி வந்தது. அதற்கப்புறம் சங்கத்தில் பேசி, இதயம் போல வளைத்த ஒரு பெரிய மரச்சட்டத்தை அந்த இடத்தில் நட்டார்கள். அதற்குள் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் யாரும் மலையை விட்டு இறங்குவதில்லை என்று ஆயிற்று. நெடுஞ்சாலைக்காரர்கள் வைத்த 'வண்டி நிறுத்தாதீர்' பலகை மீது சங்கத்தின் விளம்பரத் துணி ஏறியது. அரசு பஸ் டிரைவர் ஒருவர் ஒருமுறை வண்டியை நிறுத்திச் சத்தம் போட்டார். "எங்க பொழப்புல மண் அள்ளிப் போடாதீங்க" என்று இவர் அவரைவிடச் சத்தமாகக் கத்தி அனுப்பிவிட்டார். கூடியிருந்த டிரைவர்கள் கைதட்டினார்கள். அடுத்த தேர்தலிலும் இவரே செக்ரட்டரி.

வேன் அந்த வளைவை நெருங்கியதும் தொப்பிக்காரர் முன்னால் குனிந்து, இதுதானே அந்த ஹார்ட் இருக்கிற இடம், நிறுத்துங்கள் என்றார். வரும்போது நிறுத்தலாம் என்று செக்ரட்டரி நழுவப் பார்த்தார். வரும்போது பனி மூடிவிடுமாம், போனில் போட்டிருக்கிறார்களாம், அந்தப் பெண்ணுக்கு அதுவும் தெரிந்திருந்தது. தவிர, உங்கள் சங்க நோட்டீசிலேயே 'கட்டாயம் நிறுத்தப்படும்' என்று போட்டிருக்கிறதே என்று தொப்பிக்காரர் சிரித்தார். அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவரே செக்ரட்டரிதான். அவர் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். இந்த நேரத்தில்கூட அவர் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ரெண்டே நிமிஷம், என்ன ஆகிவிடப் போகிறது என்று வண்டியைத் திருப்பினார்.

ஒதுங்கும் இடம் ஏற்கெனவே நிரம்பி வழிந்தது. மூன்று வேன்கள் வரிசையாக நின்றன. அவற்றின் டிரைவர்கள் பார்ட்டிகளோடு சரிவில் இறங்கிப் போயிருந்தார்கள். டீ வண்டி ஒரு பக்கம், மரச்சட்டம் ஒரு பக்கம். கிடைத்த இடுக்கில் செக்ரட்டரி மூக்கை நுழைத்தார். வண்டியின் பின்பாதி சாலையிலேயே நீட்டிக்கொண்டு நின்றது. குடும்பம் இறங்கிச் சட்டத்துக்குள் நின்றது. மூன்று பேரும் சேர்ந்து விழ வேண்டும் என்று டீச்சர் முன் சீட்டு ஜன்னலண்டை வந்து போனை நீட்டினார். அந்த அம்மாளும் உட்கார்ந்தபடியே அதை வாங்கிப் படம் எடுத்துக் கொடுத்தாள். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சீட்டுக்கு முன்னால் இருந்த கம்பியைப் பற்றிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து ஒரு பெரிய சுற்றுலாப் பஸ் வளைவில் திரும்பியது. செக்ரட்டரி வண்டியின் பின்பக்கத்தில் இடிக்காமல் நின்றதே பெரிய விஷயம். அதன் பின்னால் கார்கள் வந்து ஒட்டிக்கொண்டன. மேலேயிருந்து இறங்கிய வேன்களும் கார்களும் இந்தப் பக்கம் வால் பிடித்தன. பஸ் முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. செக்ரட்டரி பின்னால் எடுக்க முடியாதபடி ஒரு கார் வந்து மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. ஹாரன் சத்தம் மலையில் எதிரொலித்துக் காதைக் கிழித்தது.

செக்ரட்டரி இறங்கி எல்லார் மேலேயும் எரிந்து விழுந்தார். பஸ் டிரைவருக்கு ஓட்டத் தெரியவில்லை. கார்க்காரர்களுக்குப் பொறுமை இல்லை. போலீஸ் எங்கே போய்த் தொலைந்தது? சனிக்கிழமை ஆனால் இவனுக எல்லாருக்கும் மலைதான் கேட்கிறதா? இப்படி வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே இருந்தார். தன் வண்டியின் வால் எங்கே நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதை மட்டும் அவர் கண் பார்க்கவில்லை.

அதற்குள் வேனுக்குத் திரும்பி வந்த டீச்சர், முன் சீட்டில் அந்த அம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு விடுவதைப் பார்த்துவிட்டார். தலைப்பு நழுவிக் கையின் புடைப்பு தெரிந்தது. காலின் வீக்கமும் தெரிந்தது. டீச்சரின் அண்ணன் ஒருவர் இதே பாடு பட்டவர். கேள்வியே கேட்க வேண்டியிருக்கவில்லை.

"எப்பம்மா கடைசியா டயாலிசிஸ் பண்ணீங்க?"

"போன சனிக்கிழமை."

டீச்சர் முகம் வெளுத்துப் போயிற்று. கணவரைக் கூப்பிட்டார். தொப்பிக்காரர் விஷயம் தெரிந்ததும் செக்ரட்டரியின் சட்டையைப் பிடிக்காத குறை. "ஏன்யா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? போட்டோ எடுக்கலேன்னா நாங்க செத்தா போயிடுவோம்? எங்களை என்னன்னு நினைச்சே நீ?"

ஆம்புலன்சுக்குப் போன் செய்யலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். செய்தாலும் அது கீழேயிருந்துதான் வர வேண்டும், வந்தால் பஸ்ஸுக்குப் பின்னால் கடைசி வண்டியாக நிற்கும். யாரோ பைக்கில் கொண்டுபோகலாம் என்றார்கள். நேராக உட்காரவே முடியாதவளைப் பைக்கில் எப்படி வைப்பது? வழி ஒன்றுதான் இருந்தது. செக்ரட்டரியின் வேன் முழுசாக உள்ளே போக வேண்டும். அப்போதுதான் பஸ் நகரும், பஸ் நகர்ந்தால்தான் பாதை திறக்கும். டீ வண்டியைத் தள்ளிவிட்டார்கள். அப்படியும் இடம் போதவில்லை. குறுக்கே நின்றது அந்த மரச்சட்டம்.

மேலே வரிசையில் மாட்டிய தன் வேனை விட்டு இறங்கி வந்து, சட்டத்தண்டை நின்றிருந்த ஒரே வேன் டிரைவர் கூலிங்கிளாஸ். மழையோ பனியோ கண்ணாடியைக் கழற்றாதவன் என்பதால் அந்தப் பேர். செக்ரட்டரி கை பழக்கிய பையன்தான். ஓடிப்போய், சட்டத்தைப் பிடுங்கணும், வாடா என்று செக்ரட்டரி கத்தினார். அவனோ, சட்டத்துக்குள் நிற்க வரிசை போட்டிருந்த தன் பார்ட்டியைக் காட்டினான். "ரெண்டே நிமிஷம்ண்ணே. பார்ட்டியை அவசரப்படுத்தாதேன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க?"

செக்ரட்டரிக்கு அவனை அறையலாம் போல இருந்தது. கை ஓங்கவும் செய்தார். தன் பேச்சைத்தானே அவன் திருப்பிச் சொல்கிறான், எதற்கு அறைவது? ஓங்கிய கையால் தானே சட்டத்தைப் பிடித்து ஆட்டினார். அசையவில்லை. புயலே வந்தாலும் நிற்க வேண்டும் என்று இவரே கூட நின்று கொத்தனாரை விரட்டிப் போட வைத்த சிமெண்ட். தொப்பிக்காரர் வந்தார், பஸ் டிரைவர் கடப்பாரையோடு வந்தார், வரிசையில் நின்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கூலிங்கிளாஸும் கடைசியில் வந்து தோள் கொடுத்தான். இடித்தார்கள், ஆட்டினார்கள், மறுபடி இடித்தார்கள். வேனுக்குள்ளிருந்து டீச்சரின் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. மூச்சை மெதுவாக இழுத்து விடுங்கள், என்னைப் பாருங்கள், என்னையே பாருங்கள் என்று அந்த அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். செக்ரட்டரியின் உள்ளங்கை தோல் உரிந்து ரத்தம் வந்தது. தான் நட்டதைத் தன்னாலேயே பிடுங்க முடியவில்லையே என்று அவர் வாய்விட்டு அழுதார். அழுதுகொண்டே இடித்தார்.

ஒரு வழியாகச் சட்டம் சாய்ந்தது. வேன் உள்ளே போயிற்று, பஸ் மேலே ஏறிற்று, அதன் பின்னால் இருந்த கார்கள் ஊர்ந்து ஊர்ந்து கடந்தன. பாதை திறந்து இவர்கள் ஆஸ்பத்திரி வாசலை அடைந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது.

அவளுக்கு ஒதுக்கிய மெஷினில் வேறொருவர் படுத்திருந்தார். காலியானதும் ஏற்றுகிறோம் என்று ஆக்சிஜன் வைத்துப் படுக்க வைத்தார்கள். செக்ரட்டரி டயாலிசிஸ் பிரிவு சிஸ்டரிடம் கெஞ்சினார், மிரட்டினார், சங்கம் பேரைச் சொன்னார். சிஸ்டர் எதற்கும் மசியவில்லை. பாதியில் ஒருத்தரை எழுப்பிவிட்டு இன்னொருத்தரைப் படுக்க வைக்க முடியாது என்றார். அவருக்கும் சலித்துப் போயிருந்தது.

"சனிக்கிழமைன்னாலே மேலேர்ந்து வர்றவங்க லேட்டுதான். நாங்க என்ன பண்றது? போன மாசம் உங்க ஊர் டெய்லர் ஒருத்தர் வந்து சேரவே இல்லை. வழியிலேயே முடிஞ்சிடுச்சு."

செக்ரட்டரிக்கு அந்த டெய்லரைத் தெரியும். அவர் போட்டிருந்த காக்கிச் சட்டையே அந்த மனிதர் தைத்ததுதான். இறந்தபோது மாலை வாங்கிக்கொண்டு போனார். நெஞ்சுவலி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், இவரும் தலையாட்டிவிட்டு வந்தார். எந்த வளைவில் அவருடைய கார் நின்றது என்று யாரும் கேட்கவில்லை. அது ஒரு சனிக்கிழமை என்பதுகூட இவருக்கு இப்போதுதான் உறைத்தது. அன்றைக்கும் அந்த ஒதுங்கும் இடத்தில் இவர் வண்டி நின்றது. பின்னால் எத்தனையோ ஹாரன் அடித்தது. எல்லாருக்கும்தான் அவசரம் என்று இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. செக்ரட்டரி வராந்தாவில் சுவரோடு சுவராக உட்கார்ந்துவிட்டார்.

மத்தியானத்துக்கு மேல் மெஷின் காலியாகி, அவளைப் படுக்க வைத்தார்கள். அதுவரை டீச்சர் குடும்பம் நகரவில்லை. அருவி எங்கேயும் ஓடிவிடாது என்று சொல்லிவிட்டு, அவளுக்கு மூச்சு சீரானதைப் பார்த்த பிறகுதான் பஸ் ஏறிப் போனார்கள். சுளிப்பார்கள் என்று இவர் பயந்த முகங்கள் அவை. செக்ரட்டரி கட்டிலருகே போய் நின்றார். அவள் கண்ணைத் திறந்தாள். கோபம் இல்லாத குரலில் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"எனக்கு நோயின்னு சொல்லத்தான் வெட்கப்பட்டீங்க. அந்த வளைவுல வண்டியைக் குறுக்கே நிறுத்தினப்போ ஒரு துளி வெட்கம் வரலையே."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே கூலிங்கிளாஸும் இன்னும் நாலைந்து டிரைவர்களும் சாய்ந்த சட்டத்தை நிமிர்த்த சிமெண்ட் மூட்டையோடு வளைவுக்கு வந்து சேர்ந்தார்கள். செக்ரட்டரி அவர்களுக்கு முன்பே அங்கே நின்றிருந்தார். பலகை மீதிருந்த சங்கத்துத் துணியை அவிழ்த்து எறிந்திருந்தார். உரிந்த கையில் கட்டு. வருகிற வேன் ஒவ்வொன்றையும் நிற்கவிடாமல் கையசைத்து அனுப்பிக்கொண்டிருந்தார். சில பேர் திட்டிவிட்டுப் போனார்கள். சில பேர் அவருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று சிரித்தார்கள். வந்தவர்கள் மூட்டையை இறக்கி வைத்ததும் அவர் அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

கூலிங்கிளாஸுக்குப் பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் ஊருக்கே சொல்லிக் கொடுத்துவிட்டு, இன்று நம் வாயிலேயே மண்ணைப் போடுகிறாரே என்று கொதித்தான். "உங்க வீட்டம்மாவுக்கு ஒண்ணுன்னதும் ஞானம் வந்துடுச்சாண்ணே? நேத்து வரைக்கும் எங்கே போயிருந்துச்சு இந்த ஞானம்?"

மற்றவர்கள் செக்ரட்டரி கத்தப்போகிறார் என்று காத்திருந்தார்கள். அவர் கத்தவில்லை. மூட்டையை விட்டு எழுந்திருக்கவும் இல்லை.

"ஆமாண்டா. என் வீட்டு ஆளுக்கு மூச்சு முட்டினப்புறம்தான் எனக்கு வந்துச்சு. அதுதான் கேவலம். டெய்லர் செத்தப்பவே வந்திருக்கணும், வரலை. இந்த இடம் எவனோ ஒருத்தன் உசுரைக் காப்பாத்த விட்ட இடம். அதை நாம காட்சிக்கு வித்துட்டோம். உன் வீட்லயும் அம்மா இருக்கா, பொண்டாட்டி இருக்கா, கைக்குழந்தை இருக்கு. அவங்கள்ல ஒருத்தர் இந்த வளைவுல கிடந்து தவிக்கிற வரைக்கும் காத்திருக்காதே. உனக்காவது அதுக்கு முன்னாடியே வரட்டும்."

பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது. கூலிங்கிளாஸின் வண்டிதான் சாலையில் குறுக்கே நின்றது. அவன் முதன்முறையாகக் கண்ணாடியைக் கழற்றி, சத்தம் வந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். அந்த வேனுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்த்தான். பிறகு போய்த் தன் வண்டியை எடுத்து வழி விட்டான்.